சும்மா இருக்க ஓர் உரிமம்

பவல் ஏரிக்கரையில் இரவு தங்க வருகிறவர்கள் கழிவறையையும் கையோடு கொண்டுவர வேண்டும். இது அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் விதி. மூடி போட்ட சிறு தொட்டியாக இருக்கலாம், அதற்கென்றே விற்கும் பையாகவும் இருக்கலாம். கழிவு எதையும் கரையில் விட்டுவிட்டு வரக்கூடாது. பாறையும் மணலுமான கரை அது. எதுவும் சீக்கிரம் மட்கிப்போகாது. மலைப்பனி உருகி நீர்மட்டம் ஏறும்போது கரையில் கிடப்பதெல்லாம் ஏரிக்குள் போய்விடும்.

மீன்பிடிக்கவும் கூடாரம் போடவும் போகிற பயணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு ஏன் கழிவறையில் ஆரம்பிக்கிறேன் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஏறுகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியவர்கள் நாம். “எதுக்கும் போயிட்டு வந்துடு” என்ற சொல்லோடுதான் நம் வீடுகளில் ஒவ்வொரு பயணமும் கிளம்பும். வெளியே எவ்வளவு நேரம் இருக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நம் ஆசை முடிவு செய்வதில்லை, சிறுநீர்ப்பை முடிவு செய்கிறது. பாலைவனத்து ஏரியில் மூன்று நாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த ஏரிக்கு அதற்கு முன் இரண்டு முறை குடும்பமாகப் போயிருக்கிறேன். ஃபீனிக்ஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே சுமார் 450 கிலோமீட்டர். கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டிய கிளென் கேன்யன் அணை 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. ஏரி முழுதாக நிரம்ப 1980 வரை ஆனது. ஆண்டுக்கு இருபது சென்டிமீட்டர்கூட மழை பெய்யாத செம்பாறை நாடு. அங்கே நிற்கும் நீரெல்லாம் ராக்கி மலைகளின் பனி. ஆறும் அதன் கிளைகளும் அறுத்து வைத்திருந்த பள்ளத்தாக்குகளுக்குள் நீர் ஏறியதால், ஏரி ஒரு மரத்தின் கிளைகளைப் போல நூறு திசைகளில் நீண்டு கிடக்கிறது. கரையின் மொத்த நீளம் மூவாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு வரும் என்கிறார்கள். சாலை போய்ச் சேருகிற இடங்கள் மிகக் குறைவு. மற்ற இடங்களுக்கெல்லாம் படகில்தான் போக வேண்டும்.

நீண்ட வறட்சியால் 2023 தொடக்கத்தில் ஏரியில் கொள்ளளவில் கால்பங்குகூட இல்லை. நீர் இறங்கிய இடமெல்லாம் சிவப்புப் பாறையில் சுண்ணாம்பு படிந்து வெள்ளைப் பட்டையாகத் தெரியும். நாங்கள் நான்கு பெண்கள் போன 2024 அக்டோபரில் அந்தப் பட்டை எங்கள் தலைக்கு மேல் பத்து மாடி உயரத்துக்கும் அதிகமாக இருந்தது.

முதல் இரண்டு பயணங்களில் நான் பார்த்தது ஏரியை அல்ல, அடுப்பை. மூன்று குடும்பங்கள், பதினோரு பேர். கிளம்புவதற்கு முந்தைய இரவே இட்லி மாவு ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, குழந்தைகளுக்குப் பருப்புப்பொடி, யாருக்காவது வயிறு சரியில்லையென்றால் கஞ்சிக்கு நொய். ஆண்கள் விடியற்காலையில் படகை எடுத்துக்கொண்டு போவார்கள். பத்து மணிக்குப் பசியோடு வருவார்கள். இட்லி முடிந்து பாத்திரம் கழுவினால் மதியச் சமையல். மறுபடி படகு கிளம்பும். சாயங்காலம் வரும்போது மீன் வரும், அதைக் கழுவி ஆய்வது எங்கள் வேலை. யாரும் எங்களை அதட்டவில்லை. “நீங்களும் வாங்களேன்” என்றுகூடக் கூப்பிட்டார்கள். யார் போவது, அடுப்பை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

அந்த இரண்டு பயணங்களிலும் எடுத்த மீன்பிடி உரிமங்கள் மூன்று. மூன்றும் கணவர்கள் பெயரில். உரிமம் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், உரிமம் இல்லாமல் தூண்டில் போட்டால் அபராதம். எங்களுக்கும் எடுக்கலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. கழிவறை விஷயத்தில் “பையை எடுத்துக்கிட்டு பாறைக்குப் பின்னால போயிட்டு வந்தா முடிஞ்சது” என்று முடித்துவிட்டார்கள். எதிர்க்கரையில் வேறு கூடாரங்கள் இருந்தன. நாங்கள் இருட்டும்வரை காத்திருந்தோம். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தோம். மூவாயிரம் கிலோமீட்டர் நீர்க்கரையில் மூன்று பெண்கள் தாகத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

படகு, அக்காவின் கணவருடையது. அக்கா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடும் அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் இறந்து ஒன்றரை வருடம் படகு வீட்டுப் பக்கவாட்டில் உறை போட்டபடி நின்றது. “வித்துடலாம்மா, நீங்க என்ன பண்ணப்போறீங்க” என்றான் வேறு மாநிலத்தில் வேலை பார்க்கும் மகன். அன்பாகத்தான் சொன்னான். வாங்கவும் ஒருவர் தயாராக இருந்தார். அக்கா எங்களிடம் வந்து சொன்னது இதுதான்: “பதினோரு வருஷம் அந்தப் படகுல போயிருக்கேன். ஒரு தடவைகூட ஸ்டீயரிங்கைத் தொட்டதில்ல. ஒரு தடவை ஓட்டிட்டு அப்புறம் விக்கிறேன்.”

படகோட்டும் பாதுகாப்புப் பாடத்தை இணையத்தில் படித்துத் தேர்வு எழுதினார். வார இறுதிகளில் ஊருக்கு அருகிலுள்ள சிறிய ஏரியில், கட்டணம் கொடுத்து ஒருவரை வைத்துப் பழகினார். டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளிப் படகை நீரில் இறக்குவதுதான் கடினம் என்றார். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். ஒரு மாலை முழுக்கக் காலி வாகன நிறுத்தத்தில் அதை மட்டும் செய்தார். நாங்கள் காபி வாங்கிக்கொண்டு போய் வேடிக்கை பார்த்தோம்.

பயணத்துக்கு முன் ஒரு பட்டியல் போட்டோம். முதலில் கழிவறை, அதைச் சுற்றி நிறுத்த ஆளுயரக் கூடாரம். அடுத்து உரிமங்கள்: நான்கு பேருக்கும், எங்களோடு வந்த என் பதின்மூன்று வயது மகளுக்கும். பிறகு சமையல். அக்கா ஒரே வரியில் சொன்னார்: “மாவு கிடையாது.” ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், முட்டை, பழம், நூடுல்ஸ், ராத்திரிக்கு ஒரே ஒரு சோறு. ஒரு நாளைக்கு ஒருத்தி அடுப்படி. மீன் பிடிப்பவளே மீனை ஆய வேண்டும். உப்பு அதிகமானாலும் யாரும் எதுவும் சொல்லக்கூடாது. சிரித்துக்கொண்டேதான் எழுதினோம். பிறகு யோசித்தால், எங்களுக்காக நாங்களே ஓய்வை ஏற்பாடு செய்த முதல் தாள் அது. ஓய்வு மனசு சம்பந்தப்பட்டது என்று நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். “மனசை லேசா வச்சுக்கோ” என்பார்கள். ஓய்வு உண்மையில் ஓர் ஏற்பாடு. யாரோ ஒருவர் மாவு அரைத்து, யாரோ ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டால்தான் இன்னொருவர் மனசை லேசாக வைத்துக்கொள்ள முடியும்.

வாவீப் துறையில் படகை இறக்கி, சுமார் ஒரு மணி நேரம் போய், பாட்ரே விரிகுடாவில் மணல் உள்ள ஒரு மூலையைப் பிடித்தோம். 1776இல் இரண்டு ஸ்பானியப் பாதிரியார்கள் ஆற்றைக் கடந்த இடம் இந்த விரிகுடாவின் அடியில் மூழ்கியிருக்கிறது. அந்தப் பெயர் அதனால்தான். ஏரியின் பெயரும் 1869இல் ஒன்பது ஆண்களைக் கூட்டிக்கொண்டு இந்த ஆற்றில் இறங்கிய ஜான் வெஸ்லி பவலுடையது. பெண்களும் இந்த ஆற்றில் வந்திருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் எல்சாடா குளோவரும் அவருடைய மாணவி லோயிஸ் ஜாட்டரும் 1938இல் மரப்படகுகளில் ஆறு வாரம் பயணம் செய்தார்கள். இன்று ஏரிக்கடியில் கிடக்கும் பள்ளத்தாக்கையும் அதற்குக் கீழே உள்ள கிராண்ட் கேன்யன் முழுவதையும் கடந்தார்கள். வழியெல்லாம் செடிகளைச் சேகரித்து உலர்த்தினார்கள், 1944இல் அவற்றின் பட்டியலை வெளியிட்டார்கள். பத்திரிகைகளுக்கோ பெண்கள் இப்படிப் போகலாமா என்பதுதான் செய்தி. முகாமில் சமையலும் பெரும்பாலும் அந்த இருவர் தலையில்தான் விழுந்தது. இதை மகளிடம் சொன்னபோது, “சயின்டிஸ்ட் ரெண்டு பேரும் அவங்கதானேம்மா, அப்புறம் ஏன்?” என்று கேட்டாள். நான் அவளிடம் எங்கள் சமையல் முறைப்பட்டியலைக் காட்டினேன். மறுநாள் அவள் முறை.

படகின் மூக்கை மணலில் ஏற்றி நிறுத்த வேண்டும். பின்பக்கத்திலிருந்து இரண்டு கயிறுகளைக் கரைக்குச் சாய்வாக இழுத்து, மணலில் ஆழக் குழி தோண்டி நங்கூரங்களைப் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று படகைப் பக்கவாட்டில் திருப்பிப் பாறையில் மோதிவிடும். அக்கா யாரையும் கேட்காமல் கோணம் பார்த்து, அடி வைத்து அளந்து, இடத்தைக் காட்டினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “அடுப்பு முன்னால உக்காந்து பதினோரு வருஷமா இதைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்” என்றார்.

மீன்பிடிப்பது எங்களில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். தூத்துக்குடிக்காரி. அவளுக்கும் கரையில் ஏலம் கேட்கவும் மீன் தரம் பார்க்கவும்தான் தெரியும், பிடித்ததில்லை. அந்த ஏரியில் அதிகம் கிடைப்பது ஸ்ட்ரைப்டு பாஸ், உடம்பில் நீளக் கோடுகள் உள்ள வெள்ளி மீன். 1974இல் கொண்டுவந்து விட்டது. இப்போது எண்ணிக்கை அதிகமாகி இரைக்குத் தட்டுப்படுகிறது, அதனால் எத்தனை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு இரை என்ன தெரியுமா? நெத்திலி. கடைகளில் உறையவைத்த நெத்திலியைப் பொட்டலமாக விற்கிறார்கள். “நெத்திலியை மீனுக்குப் போடுறதா!” என்று தூத்துக்குடிக்காரி நெஞ்சில் கை வைத்தாள். மூன்று துண்டாக நறுக்கி, ஒன்றை முள்ளில் குத்தி, மிச்சத்தை நீரில் தூவினோம். பாறைச் சுவர் செங்குத்தாக நீருக்குள் இறங்கும் இடத்தில் படகை நிறுத்தி, தங்கூசியை மெல்ல விட்டுக்கொண்டே எண்ண வேண்டும். எந்த எண்ணில் மீன் கடிக்கிறதோ அந்த ஆழத்தில் கூட்டம் இருக்கிறது.

கூட்டம் வரும்வரை வேலை எதுவும் இல்லை.

முதல் நாள் காலையில் அப்படி இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. ஒரு கையில் கம்பு. இன்னொரு கை முதல் அரைமணி நேரம் எதையாவது செய்துகொண்டே இருந்தது. பையைத் திறந்தது, ஐஸ் பெட்டியைத் துடைத்தது, மகளின் தொப்பியைச் சரி செய்தது. பிறகு அதுவும் மடியில் கிடந்தது. அம்மாவின் கைகள் வெறுமனே இருந்து நான் பார்த்ததில்லை. புதுக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலையில் உட்கார்ந்தால் மடியில் முறம் இருக்கும். டி.வி. பார்க்கும்போது முருங்கைக்கீரை உருவுவார். பக்கத்து வீட்டுக்குப் பேசப் போனால்கூடப் பூவும் நாரும் எடுத்துப்போவார். கையில் வேலை இருந்தால்தான் உட்காரலாம் என்று யாரும் சட்டம் போடவில்லை. சும்மா உட்கார்ந்தால் “ஏன், உடம்புக்கு முடியலையா?” என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

அதே ஊரில் கண்மாய்க்கரையில் தூண்டில் போட்டபடி நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஆண்களை எனக்குத் தெரியும். ஒரு கெண்டைகூடக் கிடைக்காமல் வீடு திரும்புவார்கள். எங்கே போனாய் என்றால் மீன்பிடிக்கப் போனேன் என்ற பதில் போதும். நான் வயதுக்கு வந்த பிறகு அந்தக் கண்மாயில் குளிக்கவே விடவில்லை. நீச்சல் பாதியில் நின்றது அப்படித்தான். அந்தப் படகில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. தூண்டில் மீனைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல. சும்மா உட்கார்ந்திருப்பதற்குக் கையில் வைத்திருக்கும் ஒரு காரணம் அது. ஆண்களுக்குத் தூண்டில், சீட்டுக்கட்டு, டீக்கடைப் பெஞ்சு என்று நிறையக் காரணங்கள் உண்டு. நமக்கு முறமும் பூநாரும்.

பதினோரு மணி வாக்கில் மகளின் கம்பு வளைந்தது. பிறகு எல்லோருடையதும். இருபது நிமிடத்தில் ஒன்பது மீன். தூத்துக்குடிக்காரி ஆய்ந்து, செந்நிறச் சதையை அரிந்தெறிந்து, மிளகாய்த்தூளும் மஞ்சளும் போட்டுப் பொரித்தாள். அவள்தான் அதிகம் பிடித்திருந்தாள்.

மறுநாள் மகளுக்கு மாதவிடாய் வந்தது. கழிவறைக் கூடாரத்துக்குள் போய் வந்தாள், கால்சட்டையை மாற்றினாள், மதியம் தூண்டிலை எடுத்துக்கொண்டாள். ஒரு வேலையாகக்கூட அது அவளுக்கு இல்லை. சாயங்காலம் நான் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு கழுத்தளவு நீரில் இறங்கினேன். முப்பது வருடத்துக்குப் பிறகு குளியலறை அல்லாத நீர். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று இரவு இரண்டு மணிக்குக் காற்று எழுந்தது. அந்த ஏரியின் காற்று பெயர்போனது. பாறை இடுக்குகளில் புகுந்து ஊளையிடும். படகு சங்கிலியை இழுக்கும் சத்தம் கேட்டு அக்கா முதலில் எழுந்தார். ஒரு நங்கூரம் மணலை உழுதுகொண்டு நகர்ந்திருந்தது. தலைவிளக்கை மாட்டிக்கொண்டு நான்கு பேரும் கயிற்றைப் பிடித்தோம். அக்கா தண்ணீருக்குள் நின்று படகின் பின்பக்கத்தைத் தோளால் தள்ளினார். மூன்று பேர் இழுக்க, மகள் குழி தோண்டினாள். நங்கூரத்தை இடுப்பளவு ஆழத்தில் புதைத்து, மேலே கல் அடுக்கி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளங்கை உரிந்து எரிந்தது. குளிரில் பல் அடித்தது. “ஒரு ஆம்பளை இருந்திருந்தா…” என்று ஒருத்தி ஆரம்பித்தாள். “இருந்திருந்தா அஞ்சு பேர் இழுத்திருப்போம்” என்றார் அக்கா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. சுக்கு காபி போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தோம். காலையில் படகு அசையாமல் நின்றது.

திரும்பும் வழியில் பேஜ் நகரில் பெட்ரோல் போட நின்றோம். அணை கட்டியவர்கள் தங்குவதற்காக 1957இல் உண்டான ஊர். அந்த நிலம் அதற்கு முன் நவஹோ மக்களுடையது. ஏரியின் தெற்கே இன்றும் அவர்கள் நாடு. அங்கே பல வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. பிக்கப் வண்டியின் பின்புறம் பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வண்டி நின்றது. ஓட்டி வந்தது ஒரு பாட்டி, பக்கத்தில் பேத்தி. நாங்கள் மூன்று நாள் மிதந்துவிட்டு வந்த ஏரி அவர்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில்தான் இருக்கக்கூடும். என் ஓய்வுக்கான ஏற்பாட்டுப் பட்டியலில் இதுவும் எழுதப்படாமல் இருந்திருக்கிறது. யாருடைய நிலம், யாருக்குப் போகாத தண்ணீர் என்பது. மாவு அரைத்தவளைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் நாம் இதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

அக்கா படகை விற்கவில்லை. “அடுத்த வருஷம் வித்துக்கலாம்” என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். காப்பீடும் பராமரிப்பும் செலவு பிடிக்கும் விஷயங்கள், அதைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஏழு பெண்கள் கேட்டிருக்கிறார்கள். ஏழு பேரும் என்னிடம் முதலில் கேட்டது மீனைப் பற்றி அல்ல. “மூணு நாள் வீட்டுல யாரு பார்த்துக்கிட்டா?” என்றுதான் கேட்டார்கள். என் வீட்டில் அவர் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கு மதிய உணவு கட்டினார், என் மாமியாருக்கு மாத்திரை கொடுத்தார், ஒரு நாள் தோசை மாவு வாங்கினார். நான் திரும்பிய அன்று மிகவும் களைத்திருந்தார். அவர் களைத்திருந்ததை நான் கேட்பவர்களிடமெல்லாம் தவறாமல் சொல்கிறேன். அந்த மூன்று நாள் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மீன்பிடி உரிமம் வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும்.